ட்ரக் பயிற்சியில் 50 மணித்தியாலம்: கணக்கு யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையில் வாரந்தோறும் வரும் ட்ரக் பயிற்சிப் பள்ளி விளம்பரங்களில் ஒன்றைப் பார்த்தே மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நானும் ஏ இசட் (ட்ரெயிலர் இழுக்கும் பெரிய ட்ரக்குக்கு ஏ, காற்றுப் பிரேக்குக்கு இசட்) அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனேன். அவ்விளம்பரங்களில் கட்டணம் இருக்கும், தவணை வசதி இருக்கும், வேலைக்கு உத்தரவாதம் என்றுகூட இருக்கும். மாணவர் ஒருவர் ஸ்டியரிங்கைத் தம் கையில் பிடித்து எத்தனை மணித்தியாலம் ஓட்டுவார் என்பது மட்டும் இருக்காது. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் 2017 யூலை 1 முதல், ஏ வகுப்பு வீதிப் பரீட்சைக்குப் போகும் எவரும் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். கனடாவில் இதை முதலில் கட்டாயமாக்கியது நமது மாகாணமே. இதில் 36.5 மணித்தியாலம் வகுப்பறைக்கும், 17 மணித்தியாலம் யார்டில் வாகனத்தைச் சோதித்துப் பழகுவதற்கும் போக, வீதியில் ஓடுவதும் பின்னோக்கி எடுப்பதுமாக 50 மணித்தியாலம் ட்ரக்குக்குள்ளேயே கழிய வேண்டும். சட்டத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் மனக்குறை எல்லாம் அந்த 50ஐப் பற்றியது.

நான் படித்த பள்ளியில் ஒரு ட்ரக்குக்குள் நான்கு மாணவர்கள் ஏறுவோம். ஒருவர் ஓட்டுவார், மற்ற மூவரும் ஆசனத்துக்குப் பின்னால் சாரதி தூங்குவதற்கென உள்ள படுக்கையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு நண்பகலில் திரும்பினால், நால்வரின் தாளிலும் நான்கு மணித்தியாலம் என்று எழுதப்படும். நான் ஒரு சிறு கொப்பியில் எனக்கென்று தனிக்கணக்கு வைத்திருந்தேன். பயிற்சி முடிந்த நாளில் பள்ளியின் தாள் 50 என்றது. என் கொப்பி 19 என்றது. தாளில் கையொப்பம் இட்டவனும் நான்தான். 8,200 டொலர் கட்டியாயிற்று, பரீட்சைத் திகதியும் வந்தாயிற்று, இந்த நேரத்தில் முரண்டு பிடித்தால் திகதி தள்ளிப்போகும் என்ற பயம். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை.

எங்களுக்குப் பழக்கியவர் கெட்டிக்காரர், பொறுமைசாலி என்பதையும் சொல்ல வேண்டும். 53 அடி ட்ரெயிலரைப் பின்னோக்கி எடுக்கும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் பெட்டி எதிர்ப்பக்கம் போய்க் குழப்பும். அவரோ, ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடிக்கச் சொல்வார். அடியில் பிடித்த கை எந்தப் பக்கம் போகிறதோ, பெட்டியின் பின்புறமும் அந்தப் பக்கமே போகும். எங்களோடு படித்த கிளிநொச்சித் தம்பி ஒருவர், "அண்ணை, உழவு மிசின் பெட்டி றிவேர்ஸ் எடுக்கிற மாதிரித்தான், யோசிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு முதல் நாளே நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். உழவு இயந்திரத்தின் கட்டைப் பெட்டி சட்டென்று மடிந்துவிடும், இதுவோ ஆறுதலாகவே மடியும். ஆனால் மடியத் தொடங்கிவிட்டால் நிமிர்த்துவதற்கு நிறைய இடம் வேண்டும். அந்த ஆறுதலுக்குக் கண்ணும் கையும் பழகுவதற்கு எனக்குப் பல நாட்கள் பிடித்தன. படுக்கையில் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கண்ணாடிகளில் ஒன்றுகூடச் சரியாகத் தெரியாது.

குறைந்த பயிற்சி எங்கே வந்து இடிக்கும் என்பது வேலைக்குப் போன முதல் வாரத்தில் விளங்கியது. இரவு, மழை, மிசிசாகாவில் ஒரு யார்ட். ட்ரக்கைப் பின்னால் விட்டு ட்ரெயிலரைக் கொழுவினேன். கொழுவியபின் ட்ரெயிலர் பிரேக் இறுகியிருக்க ட்ரக்கை மெதுவாக முன்னே இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது நினைவிருந்தது. இழுத்தேன், பிடித்துக்கொண்டது போலவே இருந்தது. பக்கத்து ட்ரக்கில் இருந்த வயதான சாரதி ஒருவர், குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன். ட்ரெயிலரின் அடித்தட்டுக்கும் ட்ரக்கின் மேலுள்ள வட்டத் தட்டுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி. ட்ரெயிலரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின் என்ற இணைப்பு ஆணி, ட்ரக்கின் பூட்டுக்குள் இறங்காமல் மேலே ஏறி நின்றது. அப்படியே புறப்பட்டிருந்தால் 401 நெடுஞ்சாலையில் ஏதோ ஒரு வளைவில் பெட்டி கழன்றிருக்கும். பயிற்சிக் காலம் முழுவதிலும் நான் கொழுவிக் கழற்றியது இரண்டே தடவை.

2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் இளையோர் ஹொக்கி அணியின் பேருந்து, நிறுத்தற் குறியில் நிற்காமல் வந்த ட்ரக் ஒன்றோடு மோதி 16 பேர் இறந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சாரதி தொழிலுக்குப் புதியவர். அந்த மாகாணத்தில் அப்போது கட்டாயப் பயிற்சி என்று எதுவும் இருக்கவில்லை; 2019 மார்ச்சில்தான் 121.5 மணித்தியாலம் என்று சட்டம் வந்தது. அங்கே சட்டம் இல்லாமல் நடந்தது, இங்கே சட்டம் இருந்தும் தாளில் மட்டும் நிறைவேறினால் இரண்டுக்கும் வீதியில் என்ன வித்தியாசம்?

அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தபின் எங்களுடைய நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். மாகாண எல்லை கடந்து ஓடும் ட்ரக்குகளில், சில விலக்குகள் தவிர, இயந்திரத்தோடு இணைத்த மின்னணுப் பதிவுக் கருவி இருந்தே ஆக வேண்டும். 2021 யூன் 12இல் வந்த இந்த விதிக்கு 2023 சனவரி முதல் தண்டமும் உண்டு. சக்கரம் உருளத் தொடங்கியவுடன் அக்கருவி எங்களை ஓடுபவர் என்று பதிந்துவிடும். நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் காட்டிக்கொடுக்கும். களைத்துப்போன சாரதிகள் பேனையால் எழுதிய பதிவேட்டை நம்ப முடியாது என்பதால்தான் இக்கருவியே வந்தது. ஓட்டப் பழகும் காலத்தின் மணித்தியாலங்களை மாத்திரம் இன்றும் பேனையால் எழுதுகிறோம், அதுவும் கட்டணம் வாங்கிய பள்ளியே எழுதுகிறது.

தன் பிள்ளைக்குத் தானே புள்ளி போடும் இந்த வழக்கத்துக்கு இன்னோர் உதாரணம் 2019இல் வந்த ஒன்ராறியோ கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையில் இருக்கிறது. தம் சாரதிகளுக்குத் தாமே வீதிப் பரீட்சை வைக்க அனுமதி பெற்ற நிறுவனங்களில் சித்தியடைந்தோர் 95 வீதம். பொதுப் பரீட்சை நிலையங்களில் அது 69 வீதம்.

பயிற்சி ட்ரக்குகளிலும் அதே கருவியைப் பூட்டலாம். மாணவர் ஆசனத்தில் ஏறும்போது தம் பெயரில் உள்நுழைய வேண்டும், அந்தப் பதிவு பள்ளியின் கையில் படாமல் நேரே அமைச்சுக்குப் போக வேண்டும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. செலவு கூடும் என்று பள்ளிகள் சொல்லக்கூடும். நான்கு பேரை ஒரே ட்ரக்கில் ஏற்றி மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அதற்குப் போதும்.

அது வரும்வரை தாங்கள் ஒன்று செய்யலாம். அடுத்த வாரம் முதல் தங்களிடம் வரும் பயிற்சிப் பள்ளி விளம்பரங்களில், ஒரு ட்ரக்கில் எத்தனை மாணவர், ஒருவர் கையில் ஸ்டியரிங் இருக்கும் நேரம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். எண் தர மறுக்கும் பள்ளியின் விளம்பரத்தில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஏ இசட் சாரதி,
ஸ்காபரோ