கவுன்சிலிங் முடிந்து வீடு திரும்பிய பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவயதில் பட்ட அடி, அவமானம், பாலியல் சீண்டல், ஒதுக்கிவைப்பு ஆகியவற்றுக்காகப் பெரியவர்களான பிறகு கவுன்சிலிங் போகிறவர்கள் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலும் இருக்கிறார்கள். போகச் சொல்லி எழுதுகிறவர்கள் நிறைய. போய்விட்டு வந்த அன்று ராத்திரி என்ன ஆகும் என்று எழுதுகிறவர்கள் குறைவு. “நல்லாத்தானே இருந்தே, அங்கே போய்த்தான் கெட்டுப்போச்சு” என்று வீட்டார் முடிவு கட்டுவதும், சிகிச்சை பாதியில் நிற்பதும் பெரும்பாலும் அந்த ஓரிரு நாட்களில்தான். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

பழைய நினைவைத் தொட்டுப் பேசிய சில மணி நேரத்தில், சிலருக்கு மறுநாளில், அடக்க முடியாத அழுகை வரும். சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், வயிற்றுப் புரட்டல், தெளிவான கெட்ட கனவுகள் வரலாம். வேறு சிலருக்கு நேர் எதிர்: எதுவும் உறைக்காது, உடம்பு மரத்துப்போகும், கூப்பிட்டாலும் காதில் ஏறாது. அமர்வில் (ஆலோசகருடன் பேசிய நேரத்தில்) அழவே இல்லையே, பலன் இல்லையோ என்று இவர்கள் பயப்படுகிறார்கள். மரத்துப்போவதும் அதே வேதனையின் இன்னொரு வடிவம்தான்.

காரணம் உடம்பில் இருக்கிறது. இத்தனை வருடமாக அந்த நினைவின் பக்கமே போகாமல் வேலை, படிப்பு, குடும்பம் என்று ஓடி ஒருவர் சமாளித்திருப்பார். சிகிச்சை அந்த விலகலை நிறுத்தச் சொல்கிறது. நினைவு வரும்போது படம் மட்டும் வருவதில்லை. அப்போது உடம்பு பட்ட பாடும் கூட வருகிறது. மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா என்ற பகுதி, நடந்தது முப்பது வருடத்துக்கு முன்பு என்று கணக்குப் பார்ப்பதில்லை. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. மணி அடித்து அமர்வு முடிந்தாலும் உடம்பு உடனே இறங்காது. தூக்கத்திலும் அந்த வேலை தொடரும். பலருக்கு ஒன்று முதல் மூன்று நாளில் இது தணிந்துவிடும்.

கோபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சோறு போடுகிறவர் மீது குழந்தையால் கோபப்பட முடியாது; பட்டால் பிழைக்க முடியாது. அதனால் “தப்பு என் மேல்தான்” என்று கோபத்தைத் தன் மீதே திருப்பிக்கொள்கிறது. சிகிச்சையில் அந்தப் பழி இறங்கும்போது, சேர வேண்டிய இடத்துக்குக் கோபம் இருபது, முப்பது வருடம் கழித்து வந்து சேர்கிறது. “பெற்றவர் மீது இவ்வளவு வெறுப்பா, நான் கெட்டவளாகிவிட்டேனா” என்று நடுங்குகிறவர்கள் உண்டு. கோபம் வருவது வேறு, அதை வைத்து ஒரு காரியம் செய்வது வேறு. வரட்டும்.

துக்கமும் அப்படித்தான். இந்த வட்டாரத்தில் பெற்றோர் கொண்டுவிக்க, அதாவது தொழிலுக்காகக் கடல் கடந்து, போனதால் ஆயா (பாட்டி) வீட்டிலோ ஹாஸ்டலிலோ வளர்ந்தவர்கள் உண்டு, சொந்தத்துக்குள்ளேயே சுவீகாரம் போனவர்கள் உண்டு. அவர்களில் பலர் நன்றாகவே வளர்ந்தார்கள். ஆனால் உள்ளே வலித்தவர்கள், “யாரும் அடிக்கவில்லையே, வயிறாரச் சாப்பாடு கிடைத்ததே, அழ எனக்கு என்ன உரிமை” என்று தங்களையே அதட்டிக்கொள்கிறார்கள். கிடைக்காமல் போன ஒன்றுக்காக அழுவதும் துக்கம்தான். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், நீண்ட காலம் தொடர்ந்த பாதிப்புகளால் வரும் சிக்கலான மன அதிர்ச்சிக் கோளாறு தனியாக இடம் பெற்றிருக்கிறது. உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, தன்னைத் தாழ்வாக நினைப்பது, உறவில் ஒட்ட முடியாமை ஆகிய மூன்றும் அதன் அடையாளங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.

இனி, நாளைத் திட்டமிடுவது. இங்கிருந்து பலர் மதுரைக்கோ திருச்சிக்கோ போய் வருகிறார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேர பஸ் பயணம், இறங்கியதும் வீட்டு வேலை. இதுதான் முதல் சிக்கல். அமர்வின் கடைசி 10 முதல் 15 நிமிடம் புதிதாக எதையும் தோண்டாமல், மனதை இன்றைய நாளுக்குத் திருப்பிக் கொண்டுவர ஒதுக்கப்பட வேண்டும். அப்படி நடக்கவில்லை என்றால், “கடைசிப் பத்து நிமிடம் அடங்குவதற்கு வேண்டும்” என்று ஆலோசகரிடம் தாராளமாகக் கேட்கலாம். வெளியே வந்ததும் பைக்கை எடுக்க வேண்டாம், கவனம் சிதறியிருக்கும். அரைமணி நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, இட்லியோ தயிர்சாதமோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். விரத நாளில் அமர்வு வைத்துக்கொண்டால், பசி நடுக்கமும் பய நடுக்கமும் சேர்ந்துகொள்ளும். அடுத்தடுத்துக் காபி குடித்தாலும் படபடப்பு ஏறும். மறுநாள் கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), மணிவிழா இருந்தால் அமர்வைத் தள்ளிப்போடுவது நல்லது. போனில் சிகிச்சை பெறுகிறவர்கள், பேசி முடித்த கையோடு வளவுக்குள் (வீட்டின் உள்முற்றத்துக்கு) வந்து விருந்தாளிக்குக் காபி கலக்க நிற்கக் கூடாது. இருபது நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள்.

உணர்ச்சி எழும்போது, 0 முதல் 10 வரை மனதுக்குள் ஓர் அளவு வையுங்கள். 7க்கு மேல் இருந்தால் யோசிக்கவோ யாருடனும் விவாதிக்கவோ வேண்டாம். அந்த நிலையில் புத்திமதி மண்டையில் ஏறாது. முதலில் உடம்பு அடங்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த நீர் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெற்றி, கண், கன்னம் நனைய 15 முதல் 30 விநாடி முகத்தை அமிழ்த்துங்கள். கண்ணையும் மூக்கையும் சுற்றியுள்ள தோலில் குளிர் பட்டால் இதயத் துடிப்பைக் குறைக்கும் அனிச்சைச் செயல் தூண்டப்படும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், அது உதவாது. மண்பானைத் தண்ணீர், இல்லாவிட்டால் துண்டில் சுற்றிய ஐஸ்கட்டி. இதய நோய் உள்ளவர்கள், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

பிறகு மூச்சு. நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம் போதும். “நல்லா இழுத்து மூச்சு விடு” என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு வேகமாகவும் ஆழமாகவும் இழுப்பதுதான் வழக்கமான தவறு. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் குறுகுறுக்கும், பயம் இரட்டிப்பாகும். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம்.

மரத்துப்போனவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் இன்னும் உள்ளே போய்விடுவார்கள். எழுந்து நிற்க வேண்டும். உள்ளங்கைகளைச் சுவரில் பதித்துப் பத்து விநாடி அழுத்தித் தள்ளி விடுங்கள். ஐந்து முறை செய்யலாம். ஒரு துண்டு இஞ்சியோ நார்த்தங்காய் ஊறுகாயோ கடிக்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை உள்ள வீடானால் செருப்பில்லாமல் அதில் நின்று, கல்லில் உள்ள நிறங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்றைய தேதி, உங்கள் வயது, நிற்கும் ஊர் இவற்றையும் சொல்லுங்கள். கண் திறந்தே இருக்க வேண்டும். இவை எதையும் நெருக்கடியில் முதல்முறையாகச் செய்தால் பலிக்காது. மனம் அமைதியாக இருக்கும் நாட்களில் தினம் ஐந்து நிமிடம் பழகியிருந்தால்தான் தேவைப்படும்போது கை கொடுக்கும்.

அளவு 6க்குக் கீழே வந்த பிறகு எழுதலாம். அலாரம் வைத்து 15 முதல் 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். படுக்கப் போகும் முன் வேண்டாம்; மாலையிலேயே முடித்துவிடுங்கள். கடைசி இரண்டு வரி இன்றைய நாளைப் பற்றி இருக்கட்டும்: என்ன சமையல், யார் வந்தார்கள். நோட்டைப் பூட்டி வையுங்கள். மூன்று நான்கு நாள் எழுதியும் கனம் கூடுகிறது என்றால் நிறுத்திவிட்டு ஆலோசகரிடம் சொல்லுங்கள். எல்லோருக்கும் எழுத்து ஒத்துக்கொள்வதில்லை.

நாங்கள் மிகவும் வற்புறுத்துவது ஒன்று: அமர்வு முடிந்து மூன்று நாளைக்கு யாரிடமும் நியாயம் கேட்கப் போகாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பதினொரு மணிக்குப் போடும் ஒரு செய்தி, காலையில் மலேசியாவில் இருக்கும் சித்தப்பா வரை போயிருக்கும். அதன் பிறகு பேச்சு உங்கள் காயத்தைப் பற்றி இருக்காது, நீங்கள் மானத்தை வாங்கியதைப் பற்றித்தான் இருக்கும். கேட்க வேண்டும் என்றால் கேட்கலாம், அது உங்கள் உரிமை. என்ன கேட்கப் போகிறோம், அவர் மறுத்தால் என்ன செய்வோம், அன்றிரவு எங்கே தங்குவோம் என்று ஆலோசகருடன் தீர்மானித்துவிட்டுக் கேளுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: அதே நபரால் இன்று ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ அழையுங்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிந்தால் தகவல் சொல்வது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம்.

பெரிய வீட்டு விசேஷங்கள் இன்னொரு சோதனை. காயப்படுத்தியவரே பந்தியில் இலைக்கு எதிரே நின்று “இன்னும் ஒரு கந்தரப்பம் வைக்கட்டுமா” என்று கேட்பார். விஷயம் தெரிந்த ஒருவரோடு போங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்த அறையோ இரண்டாங்கட்டோ (வீட்டின் பின்பகுதியோ) அதே வீட்டில் இருந்தால் பகலில் மட்டும், துணையோடு, கதவு திறந்திருக்கப் போகலாம், போகாமலும் இருக்கலாம். பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். “காலில் விழுந்து கும்பிட்டுக்கோ” என்று ஒருவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். யார் காலில் விழ அவருடைய உடம்பு கூசுகிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் “உள்ளே என்ன பேசினே” என்று கேட்க வேண்டாம், ஆலோசகருக்குப் போன் போட்டு விசாரிக்கவும் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவருக்கு ரகசியக் காப்பு உரிமை தந்திருக்கிறது. “சாப்பிட்டியா?”, “கூட இருக்கட்டுமா, தனியா இருக்கணுமா?” இவ்வளவு கேட்டால் போதும். குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ போய்வந்தால் மனம் லேசாகும் என்றால் போகட்டும். சிகிச்சைக்குப் பதிலாகப் போகச் சொல்வதுதான் தவறு.

ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் ஒரு வாரம் வரை வேலைக்குப் போக முடியவில்லை, மூன்று நான்கு அமர்வாக நிலைமை மோசமாகிக்கொண்டே வருகிறது என்றால், சிகிச்சை உங்கள் தாங்கு சக்தியை மீறி வேகமாகப் போகிறது. இந்தச் சிகிச்சையில் பாதுகாப்பும் நிதானமும் முதல் கட்டம், நினைவைத் தொடுவது அதற்குப் பிறகுதான். முதல் கட்டத்துக்குத் திரும்பச் சொல்லிக் கேளுங்கள். சொல்லியும் காது கொடுக்காதவரை மாற்றிக்கொள்ளலாம். மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம். நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்குவதும் மாத்திரையோடு மது குடிப்பதும் உயிருக்கே ஆபத்து.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்து அதற்கு வழியும் தேடத் தொடங்கினால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால், தொடர்ந்து பல இரவு தூக்கம் இல்லாமல் போனால், மூன்று நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் அன்றே வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும். மதுரை வரை போக வசதி இல்லாதவர்கள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கோயில் விழா, மின்தடை அறிவிப்புகளோடு 14416, 1098 என்ற இரண்டு எண்களையும் தினமும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். ராத்திரி நேரத்தில் தேட அவகாசம் இருக்காது.

இப்படிக்கு,
மனநல ஆலோசனைப் பணியில் உள்ளோர் சிலர்,
காரைக்குடி.