ஜூலை 31 வரை அப்பாக்கள், அப்புறம் யார்? கால்பந்துப் பயிற்சி பற்றித் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. புத்தகம், சீருடை, பேருந்துப் பயண அட்டை என்று எல்லாவற்றையும் பற்றித் தனித்தனியாகச் சுற்றறிக்கை வந்திருக்கும். இந்தக் கடிதம் கால்பந்தைப் பற்றி மட்டும்.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகும் அப்பாக்கள் பெரும்பாலும் இப்போது ஊரில்தான் இருக்கிறீர்கள். மாலை நாலரை மணிக்குப் பள்ளி மதிலோரம் நிற்கும் கூட்டமே அதைச் சொல்லிவிடும். வருடத்தில் பத்து மாதம் அந்த மதிலில் காக்கை தவிர யாரும் உட்காருவதில்லை. பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டிகளுக்கு அணிகளைத் தயார் செய்ய வேண்டிய காலமும் இதுவே. நம் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், ஆட வரும் பிள்ளைகளோ நூற்றுக்கும் மேல். அதனால்தான் சென்ற ஆண்டு முதல் தன்னார்வப் பயிற்சியாளர்களை நாடினோம்.

சென்ற ஆண்டு நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யார் கேட்டாலும் "வாங்க, சொல்லிக் கொடுங்க" என்று விசிலைக் கையில் கொடுத்துவிட்டோம். வந்தவர்கள் எல்லாரும் நன்றாக ஆடுகிறவர்கள், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் பெயர் எடுத்தவர்கள். ஆட்டம் தெரிந்தால் போதும் என்று நாங்கள் நினைத்தது தப்பாகப் போனது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒருநாள்கூடப் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை. நடந்த ஐந்து ஆட்டத்திலும் அவன் தண்ணீர் பாட்டில் தூக்கினான், களத்தில் கால் வைக்கவே இல்லை. ஆகஸ்டில் அவன் வருவது நின்றது. கூப்பிட்டுக் கேட்டபோது, "எனக்குப் பந்து பிடிக்காது டீச்சர்" என்றான். அது பொய் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குற்றம் அந்தப் பயிற்சியாளருடையது இல்லை. எல்லாரையும் ஆடவிட வேண்டும் என்று நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை.

ஆகவே இந்த ஆண்டு விசிலைக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு சனிக்கிழமை பயிற்சி கட்டாயம். 11 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்: ஆறு அப்பாக்கள், ஒரு அம்மா, கல்லூரியில் படிக்கும் நம் பழைய மாணவிகள் இருவர், உள்ளூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் இருவர். முதல் அமர்வு சென்ற சனிக்கிழமை முடிந்தது. நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் கணக்கு டீச்சர். ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் அன்று நிறையக் கற்றுக்கொண்டேன்.

முதலில் உடற்கல்வி ஆசிரியர் ஒரு வேலை செய்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பத்து நிமிடம் ஆடவிட்டார். 11 பேரையும் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கச் சொன்னார். துப்பவும் கூடாது, விழுங்கவும் கூடாது. இரண்டே நிமிடத்தில் நான்கு பேர் தண்ணீரை விழுங்கிவிட்டு "பாஸ் கொடுல!" என்று கத்திவிட்டார்கள். ஒருவருக்குப் புரை ஏறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. சிரித்து முடித்த பிறகு உடற்கல்வி ஆசிரியர் கேட்டார்: "நீங்க கத்தின நேரத்தில் அந்தப் பையன் பந்தைப் பார்த்தானா, உங்களைப் பார்த்தானா?" பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்தது என் பாடம் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இருபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக வந்து கோலுக்கு அடிக்கச் சொல்வதுதான் நம் ஊரில் பயிற்சி என்று பெயர். ஒரு பிள்ளை வந்து அடித்து, பந்தை எடுத்துவர முக்கால் நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முடியப் பதினைந்து நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு நான்கு உதை. மீதி நேரமெல்லாம் வரிசையில் நின்று முன்னால் இருப்பவன் சட்டையை இழுப்பதுதான் நடக்கும். அதே இருபது பேரை நான்கு பேர் கொண்ட ஐந்து அணியாகப் பிரித்து, சின்னக் கட்டங்களில் இரண்டு ஆட்டம் ஓடவிட்டு, மிஞ்சும் அணிக்கு ஆளுக்கொரு பந்து கொடுத்து உருட்டவிட்டால், ஒவ்வொரு காலுக்கும் நிமிடத்துக்குப் பல முறை பந்து வரும். அமெரிக்காவில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை நாலுக்கு நாலு, 11, 12 வயதில் ஒன்பதுக்கு ஒன்பது என்றுதான் ஆடவிடுகிறார்கள். பதினொரு பேர் ஆட்டம் அதற்குப் பிறகுதான்.

பந்தின் அளவிலும் இதே கதைதான். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். ஆறு, ஏழாம் வகுப்புக்கு 4ஆம் எண் பந்து போதும். "சின்னப் பந்தா?" என்று பிள்ளைகளே முகம் சுளிக்கிறார்கள். வீட்டில் நீங்களும் சேர்ந்து சுளிக்காமல் இருந்தால் நல்லது.

இனி, அமர்வில் பெரிய வாக்குவாதம் எழுந்த விஷயம்: ஹெடர். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் பந்தை முட்டச் சொல்லித்தரக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். "ஹெட் பண்ணத் தெரியாம என்ன பந்துக்காரன்?" என்று ஒரு அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அவர் தலையால் முட்டிப் போட்ட கோல்களை ஊரே பார்த்திருக்கிறது, அவர் கோபம் நியாயம்தான். ஆனால் அமெரிக்காவில் 2016 முதல் 10 வயது வரை உள்ளவர்களுக்கு ஹெடர் கிடையாது, 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் அளவு வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் 11 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டங்களிலிருந்து படிப்படியாக எடுத்து வருகிறார்கள். வளரும் மூளை, வலுப்பெறாத கழுத்து, இரண்டும்தான் காரணம். எட்டாம் வகுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, சரியான முறையில் சொல்லித்தருவார்கள். அதற்குள் யாருடைய திறமையும் கெட்டுப்போகாது.

தலையில் அடிபடுவதையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். மோதி விழுந்த பிள்ளை எழுந்து "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் சொல்லும். தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை, கேட்ட கேள்விக்குத் தடுமாறிப் பதில் சொல்வது என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை களத்துக்கு வரக் கூடாது. இறுதி ஆட்டமாக இருந்தாலும், ஒரே கோல்கீப்பராக இருந்தாலும் இதுதான் விதி. இதில் பயிற்சியாளர் எடுக்கும் முடிவை யாரும் மாற்றச் சொல்ல வேண்டாம், என்னிடமும் சிபாரிசுக்கு வர வேண்டாம்.

அப்புறம் இடி. ஜூன், ஜூலை நம் பக்கம் மழைக்காலம். கடலில் வானத்தைப் பார்த்தே காற்றின் குணத்தைச் சொல்கிறவர்கள், மைதானத்தில் மட்டும் "இது தூரத்து இடிதான், ஆடுங்கல" என்று சொல்லும் அதிசயத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இடி காதில் விழுந்தால் எல்லாரும் கட்டடத்துக்குள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே. மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. தூக்கி வைக்கும் இரும்புக் கோல் கம்பங்களுக்கும் பின்கட்டையில் மணல் மூட்டை போடாமல் ஆட்டம் கிடையாது. கம்பத்தில் தொங்கி, அது கவிழ்ந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

பயிற்சியாளர்கள் அனைவரிடமும் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்டிருக்கிறோம். "நம்ம ஊர்க்காரன்கிட்டயே போலீஸ் சான்றா?" என்று சிலர் வருத்தப்பட்டார்கள். வருத்தம் புரிகிறது, ஆனால் விதிவிலக்கு இல்லை. என் தம்பியே பயிற்சி தர வந்தாலும் கேட்பேன். எந்தப் பிள்ளையுடனும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், அல்லது மற்றவர் கண்ணில் படும் இடமாக இருக்க வேண்டும். பைக்கில் தனியாக ஏற்றிச் செல்வது, பிள்ளைகளின் போனுக்குத் தனியாகச் செய்தி அனுப்புவது, இரண்டும் கிடையாது. அடிப்பது, முட்டிபோட வைப்பது, தோற்றதற்காக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது, பட்டப்பெயர் வைத்துத் திட்டுவது எதுவும் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009 உடல் தண்டனையையும் மனத்துன்பத்தையும் தடை செய்கிறது. அது வகுப்பறைக்கு மட்டும்தான், மைதானத்துக்கு இல்லை என்று யாராவது வாதாட வந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாலியல் தொல்லை பற்றித் தெரிய வந்தால், புகார் தராமல் மூடி மறைப்பதே, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி குற்றம். உங்கள் பிள்ளை சங்கடமாக ஏதாவது சொன்னால் நேராக என் அறைக்கு வாருங்கள். வரத் தயக்கமாக இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு 40 பெண்கள் பெயர் கொடுத்து, கடைசியில் 9 பேர்தான் நின்றார்கள். காரணம் கேட்டால் "வீட்டில் வேலை", "அரைக்கால் டவுசர்", "ஆம்பிளைகள் மதிலில் உட்கார்ந்து பார்க்கிறாங்க" என்றார்கள். இந்த ஆண்டு பெண்களுக்குச் செவ்வாய், வியாழன் தனி நேரம். பயிற்சி தருவது நம் பழைய மாணவிகளும் அந்த அம்மாவும். டவுசருக்குள் முழுக்கால் லெகின்ஸ் போடலாம். மாதவிடாய் நாளில் ஆடுவதும் உட்காருவதும் அந்தப் பிள்ளையின் விருப்பம். மதில்காரர்கள் அந்த இரண்டு நாள் டீக்கடைப் பக்கம் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018, 2023 இரண்டு முறையும் தேசியச் சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. நம் வீடுகளில் இது யாருக்கும் தெரியவில்லை. இரவிபுத்தன்துறையிலிருந்து ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போன மைக்கேல் சூசைராஜைப் பற்றி மட்டும் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆகஸ்டில் படகு இறங்கிவிடும். ஆறு பயிற்சியாளர்கள் ஒரே வாரத்தில் காணாமல் போவார்கள். சென்ற ஆண்டு அப்படித்தான் குறுவட்டப் போட்டிக்கு நடுவில் அணி அநாதையாக நின்றது. அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் கடலுக்குப் போகிறவர் ஒருவர், கரையில் இருப்பவர் ஒருவர் என்று இருவரைப் போடுகிறோம். இப்போதைக்குக் கரைக்காரர் ஐந்து பேர்தான். குழுக்கள் ஆறு. இன்னும் ஒருவர் வேண்டும். நாட்டுப் படகில் கரையோரம் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், அம்மாக்கள் யாராக இருந்தாலும் சரி, ஆடத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நோட்டு உண்டு. யார் வந்தார்கள், யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள், யாருக்கு எங்கே வலி என்று அதில் எழுதப்படும். கரைக்காரர் அந்த நோட்டைப் பார்த்து மீதியை நடத்திவிடலாம். பள்ளிக்குள் நடக்கும் ஆட்டங்களில் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும் என்பது விதி. குறுவட்ட அணித் தேர்வு வேறு. அங்கே அந்த வாக்குறுதியை என்னால் தர முடியாது.

ஓக்கிப் புயலுக்குப் பிறகு நம் பள்ளியில் அப்பா இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே "அப்பா-மகன் ஆட்டம்" நடத்தலாம் என்று வந்த யோசனையை நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். எந்தப் பயிற்சியாளரும் தன் பிள்ளை இருக்கும் குழுவை எடுக்க மாட்டார். தன் பிள்ளையைக் கூடுதலாகத் திட்டுவதும் கூடுதலாக ஆடவிடுவதும், இரண்டும் நடக்கிறது என்று அப்பாக்களே ஒத்துக்கொண்டார்கள்.

உங்களிடமிருந்து வேண்டியவை அதிகமில்லை. இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் மூச்சிழுப்பு, வலிப்பு, ஒவ்வாமை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். "தெரிஞ்சா டீமில எடுக்க மாட்டாங்க" என்று நினைக்க வேண்டாம், இன்ஹேலர் பையில் இருந்தால் ஆடலாம். அப்பா கடலில் இருக்கும்போது கூப்பிட வேண்டிய எண்ணையும் எழுதுங்கள். வயதுச் சான்று கேட்டால் உள்ளது உள்ளபடி கொடுங்கள். 14 வயதுப் பிரிவில் ஆடவைக்கப் பிறந்த தேதியைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் யாரும் வர வேண்டாம், சென்ற ஆண்டு இருவர் வந்தார்கள். பிள்ளை வெறும் வயிற்றோடு வரக் கூடாது. பஜ்ஜியும் வேண்டாம், இரண்டு வாழைப்பழம் போதும். முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டு வாங்க முடியாதவர்கள் சொல்லுங்கள், பள்ளியில் பன்னிரண்டு ஜோடி இருக்கிறது. ஆட்டத்தின்போது கை தட்டலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். எங்கே ஓட வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். முடியாது என்று தோன்றினால் வாயில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கவும். இரண்டாம் அமர்வு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. முதலுதவி சொல்லித்தர ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் வருகிறார். பயிற்சியாளர் அல்லாத பெற்றோரும் வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: வடக்குக் கோலின் வலையை எலி கடித்துக் குதறிவிட்டது. புதிதாக வாங்கும் தொகையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, வலை பின்னுகிற ஊரில் வலைக்குக் காசா என்று. சனிக்கிழமை வருகிறவர்களில் யாராவது ஊசியும் நூலும் கொண்டு வந்தால் எட்டு மணிக்கு முன்னால் அதை முடித்துவிடலாம். டீ பள்ளிச் செலவு.