ஒன்றுமே நடக்கவில்லை என்ற அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

"பத்து நிமிஷமாக் கேக்குறேன், இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேடா" என்று, நான் அனுப்பிய மினிமலிச இசையை, அதாவது சில ஸ்வரங்களையே திரும்பத் திரும்ப வாசித்து மெல்ல மாற்றும் இசையைப் பற்றி நீ சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான் அது. பாதியில் நிறுத்தியதற்காக நீ சங்கடப்பட வேண்டாம். 1973-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் 'ஃபோர் ஆர்கன்ஸ்' வாசிக்கப்பட்டபோது, கூட்டத்தில் பலர் எரிச்சலில் கத்தவே ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு மின் ஆர்கன்கள், தாளத்துக்கு மராக்காஸ் என்கிற கிலுகிலுப்பை, ஒரே ஒரு ஸ்வரக்கொத்து (சேர்ந்தே ஒலிக்கும் சில ஸ்வரங்கள்). அந்த ஒன்றையே மெல்ல மெல்ல இழுத்து நீட்டிக்கொண்டே போவார்கள், அவ்வளவுதான். காசு கொடுத்து வந்தவர்கள் கத்தாமல் என்ன செய்வார்கள்!

நமக்குப் பாட்டு என்றால் பல்லவி முடிந்து சரணம் வர வேண்டும். காது எப்போதும் 'அடுத்து என்ன' என்றே காத்திருக்கும். மினிமலிச இசையில் அந்த 'அடுத்து' கிடையாது. காத்திருக்கிறவருக்கு இது தண்டனைதான். இப்போது ஒலித்துக்கொண்டிருப்பதையே உற்றுக் கேட்கிறவருக்குத்தான் ஏதோ நகர்வது தெரியும்.

உனக்கு நான் முதலில் அனுப்பியிருக்க வேண்டியது ரைக்கின் 'கிளாப்பிங் மியூசிக்'. 1972-ல் எழுதியது. இரண்டு பேர், நான்கு கைகள், வேறு கருவி எதுவும் வேண்டாம். பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி. ஒரு தட்டு, இடைவெளி. மறுபடி இரண்டு தட்டு, இடைவெளி. மேஜையில் தட்டிப் பார், உடனே பிடிபடும். இருவரும் சேர்ந்தே தொடங்குவார்கள். ஒருவர் கடைசிவரை இதையே மாற்றாமல் தட்டுவார். மற்றவர் சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு எண்ணிக்கை முன்னால் நகர்ந்துகொள்வார். முதல் நகர்விலேயே வேடிக்கை தொடங்கிவிடும். ஒருவர் சும்மா இருக்கிற ஒவ்வொரு இடத்திலும் மற்றவருடைய தட்டு வந்து விழும். பன்னிரண்டு எண்ணிக்கையில் ஒரு சந்துகூட மிஞ்சாது. அடுத்த நகர்வில் வேறு சந்துகள் திறக்கும், தாளமே வேறு மாதிரி கேட்கும். இத்தனைக்கும் இருவரும் தட்டுவது அதே பழைய தட்டுதான். பன்னிரண்டு முறை நகர்ந்தபின் இருவரும் மறுபடி ஒன்றாகச் சேர்வார்கள்.

இந்த நகர்த்தும் யோசனை அவருக்கு ஒலிநாடாவிலிருந்து கிடைத்தது. சான்பிரான்சிஸ்கோவில் பதிவுசெய்த ஒரு தெருப் பிரசங்கியின் குரலை இரண்டு டேப்ரெக்கார்டர்களில் ஒரே நேரத்தில் ஓடவிட்டிருக்கிறார். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விலகின. அந்த விலகலே 1965-ல் 'இட்ஸ் கோனா ரெயின்' ஆயிற்று. இரண்டு வருடம் கழித்து அதையே மனிதர்களை வைத்துச் செய்ததுதான் 'பியானோ ஃபேஸ்'. இரண்டு பியானோவிலும் ஒரே பன்னிரண்டு ஸ்வர வரிசை. ஒருவர் மட்டும் துளித் துளியாக வேகம் கூட்டி ஒரு ஸ்வரம் முன்னே போய்விடுவார். போகிற வழியில் சில நொடிகள் எல்லாம் குழம்பும். எனக்குப் பிடித்ததே அந்தக் குழப்பம்தான்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. இரண்டு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது, இங்கே ஒரு ஸ்வரத்தையும் அங்கே ஒரு ஸ்வரத்தையும் கோத்து, யாருமே வாசிக்காத ஒரு மெட்டைக் காது தானாகக் கட்டிக்கொள்ளும். பிரமை என்று நினைக்காதே. 1971-ல் வந்த 'டிரம்மிங்'கில், மரிம்பாக்களுக்கு (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) நடுவே இப்படிப் பிறக்கும் மெட்டுகளைப் பாடகிகளைக் கொண்டு பாடவே வைத்திருக்கிறார் ரைக். நீ கேட்கும் மெட்டும் நான் கேட்கும் மெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

நம் பக்கத்துத் தொடர்பும் இதில் நிறையவே இருக்கிறது. இன்னொரு அமெரிக்க மினிமலிச இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் பாரிஸில் ரவிசங்கருடன் வேலை செய்தவர். அதே வகையைச் சேர்ந்த டெர்ரி ரைலியும் லா மான்ட் யங்கும் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான்நாத்தின் சீடர்கள். அதனால் நமக்கு இது சுலபமாகப் பிடித்துவிடும் என்று சொல்ல வரவில்லை. கச்சேரி கேட்டுப் பழகிய உன் காது, ராகம் எப்போது விரியும் என்று பார்த்துப் பார்த்து ஏமாறத்தான் செய்யும்.

இதையெல்லாம் 'தூக்கத்துக்கான இசை', 'தியான இசை' என்று விற்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது. எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின் 'ஸ்பீகல் இம் ஸ்பீகல்' (1978) இப்படி மாட்டிக்கொண்ட ஒன்று. அதில் வயலினை மட்டும் தொடர்ந்து கேள். வரிகள் இரண்டிரண்டாக வரும், ஒவ்வொரு ஜோடியிலும் வரி முந்தையதைவிட ஒரு ஸ்வரம் நீளும். எண்ணிக்கொண்டே கேட்டால் எங்கே தூங்குவது?

அதற்காக எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்க மாட்டேன். கிளாஸின் பிற்காலப் படைப்புகள் பலவற்றில் பழக்கதோஷம்தான் தெரிகிறது. ஆனால் 1976-ல் வந்த அவருடைய 'ஐன்ஸ்டீன் ஆன் தி பீச்' ஓபரா, இடைவேளையே இல்லாமல் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடும். பார்க்கிறவர்கள் நடுவில் எழுந்து போய் வரலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நீ பத்து நிமிடத்தில் எழுந்ததும் அந்தக் கணக்கில் சேரட்டும்.

சரி, இப்போது கேட்க வேண்டியது ரைக்கின் 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்', அதே 1976. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. போன் ஸ்பீக்கரில் போடாதே, எல்லாம் ஒரே கூழாகிவிடும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள். முன்னால் நின்று கையசைத்து இசையை நடத்துகிறவர் என்று யாரும் கிடையாது. அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று வைப்ரஃபோன்தான் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) சைகை கொடுக்கும், அதைக் கண்டுபிடிக்க முடிகிறதா பார். பியானோக்களும் மரிம்பாக்களும் நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் பாடுகிறவர்களும் கிளாரினெட்காரர்களும் ஒரு மூச்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு ஒலியை எழுப்பி, அப்படியே தணிப்பார்கள். தொடக்கத்தில் வரும் பதினோரு ஸ்வரக்கொத்துகளும் இப்படி மூச்சின் அளவில்தான் மாறும். முதல் ஐந்து நிமிடம் அந்த மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு போ. மற்றதைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம்.

அன்புடன்,
தம்பி