சுமதிக்கு, கம்ப்யூட்டர் விஷயமாக

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஜூன் கடைசி ஞாயிறு

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் வந்தது. காட்டெருமைகள் தோட்டத்தில் இறங்கி மிளகுக் கொடியோடு வேலியையும் சாய்த்துவிட்டுப் போன கதையைப் படித்தேன். அதைச் சொல்லும்போதுகூட வராத கோபம் உன் மகன் நிதினின் கம்ப்யூட்டரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று கேட்டு எழுதும்போது உனக்கு வந்திருக்கிறது. காட்டெருமைக்கு என்னிடம் மருந்து இல்லை. கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் இருக்கிறது.

இங்கே எல்லோரும் நலம். வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் கொலுசுப் பட்டறைகளில் பழைய சுறுசுறுப்பு இல்லை. கனமான கொலுசுக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. கேட்பவர்களும் எடை குறைந்த மெல்லிய ரகமாகத்தான் கேட்கிறார்கள். பட்டறைக் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும் நான்தான் என்பது உனக்குத் தெரியும். அதே கம்ப்யூட்டரில்தான் அபிநயா பிளஸ் ஒன் பாடம் பார்க்கிறாள், ஹரி விளையாடுகிறான். அதனால் நீ கேட்டிருப்பதில் பெரும்பாலானதை வேறு வழியில்லாமல் நானே கற்றுக்கொண்டேன்.

முதலில், உன் வீட்டுக்காரர், அதாவது அண்ணா, வாங்கப் பார்க்கும் அந்த மென்பொருள். நிதின் விசைப்பலகையில் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்து, திரையைப் படம் பிடித்து, அண்ணாவின் போனுக்கு அனுப்புமாம். வேண்டவே வேண்டாம் என்று சொல். அந்தக் கம்ப்யூட்டரில் நிதின் மட்டுமா தட்டுகிறான்? தோட்டத்துக் கணக்கும் வங்கி வேலையும் அதில்தானே நடக்கின்றன? உங்கள் வங்கிக் கடவுச்சொல்லும் சேர்ந்தே பதிவாகும். முகம் தெரியாத ஏதோ ஒரு கம்பெனியின் சர்வரில் போய் உட்காரும். 2023-ஆம் ஆண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டவோ நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை என்றும் சொல்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. கம்பெனிக்காரன் செய்யக் கூடாததை அப்பா செய்யலாம் என்று சட்டம் விட்டிருக்கலாம். நான் விடமாட்டேன்.

உன் விடுதி வார்டனை நினைத்துப் பார். உங்களுக்கு வரும் கடிதங்களை எல்லாம் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதனால் என்ன நடந்தது? உனக்கு வரவேண்டிய முக்கியமான கடிதங்கள் எல்லாம் சேலம் குகைப் பகுதியில் எங்கள் வீட்டு விலாசத்துக்கு வர ஆரம்பித்தன. “உங்கள் வீட்டில் சுமதி என்று யார்?” என்று தபால்காரர் கேட்டதும், அப்பா கண்ணைக்கூட இமைக்காமல் “என் தங்கை மகள்” என்றார். வார்டன் படித்ததெல்லாம் வார்டன் படிப்பதற்காகவே எழுதப்பட்ட கடிதங்கள்! நிதின் உன் மகன். அவனும் ஒரு குகை விலாசம் கண்டுபிடிப்பான்.

இதைச் சொல்வதால் எந்தத் தடையும் வேண்டாம் என்று நான் சொல்வதாக அண்ணா எடுத்துக்கொள்ள வேண்டாம். தடை வேண்டும். எங்கே, எதற்கு, எத்தனை மணி வரை என்பது பிள்ளைக்குத் தெரிந்த தடையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் நுழைகிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். அது நிச்சயம் நிர்வாகி கணக்காகத்தான் இருக்கும். அப்படி இருக்கும் வரை நீ எதைப் போட்டாலும் அவன் கழற்றிவிடுவான். அந்த அதிகாரத்தை விண்டோஸே அவன் கையில் கொடுத்திருக்கிறது. உனக்கும் அண்ணாவுக்கும் கடவுச்சொல்லோடு ஒரு நிர்வாகி கணக்கு வைத்துக்கொள். நிதினுக்கும் தியாவுக்கும் தனித்தனியாக ஸ்டாண்டர்டு கணக்கு போட்டுக் கொடு. காசு செலவில்லை, ஒரு காபி ஆறும் நேரம்தான். அதன் பிறகு அவனால் கம்ப்யூட்டரின் நேரத்தை மாற்ற முடியாது, நிர்வாகியின் அனுமதி கேட்கும் எதையும் நிறுவ முடியாது.

அதன்மேல் மைக்ரோசாஃப்டின் ஃபேமிலி சேஃப்டி. இலவசம்தான். பிள்ளைகளுக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று தொடங்கி உன் குடும்பக் குழுவில் சேர்க்க வேண்டும். எந்தக் கிழமைக்கு எத்தனை மணி நேரம் என்று நீ வைத்துவிடலாம். நேரம் முடிந்ததும் திரை பூட்டிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அவன் கேட்டால் உன் போனிலிருந்தே அனுமதிக்கலாம். இதில் இணையதள வடிகட்டி ஒன்றும் உண்டு. அது எட்ஜ் உலாவியில்தான் வேலை செய்யும், அதனால் அதைப் போட்டதும் குரோம் போன்ற மற்ற உலாவிகளைத் தடுத்துவிடும். “குரோம் கெட்டுப்போய்விட்டது” என்று நிதின் வந்து நிற்பான், பதறாதே. தியா மூன்றாம் வகுப்புதானே? அவளுக்கு நீ அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்கும்படி வைத்துவிடு. எட்டாம் வகுப்புப் பையனுக்கு அப்படி வைத்தால் வீட்டுப்பாடத்தின் பாதியில் ஒவ்வொரு தளத்துக்கும் உன்னை அடுப்படியிலிருந்து கூப்பிடுவான்.

நிதினுக்கு, வீட்டுக்கு வைஃபை தரும் பெட்டியான ரவுட்டரில் வடிகட்டுவதுதான் சரி. இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் தெருவில் வீடு தேடி வருகிறவர் முதலில் முனை டீக்கடையில்தான் விலாசம் கேட்பார். டீக்கடைக்காரர் “அப்படி ஒரு வீடே இங்கே இல்லை” என்று சொல்லிவிட்டால் வந்தவர் திரும்பிவிடுவார். இணையத்தில் அந்த டீக்கடை வேலையைச் செய்வது டிஎன்எஸ். ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் எண் முகவரி என்ன என்று கம்ப்யூட்டர் முதலில் அங்கேதான் கேட்கிறது. கெட்ட தளங்களுக்கு “இல்லை” என்று சொல்லும் டிஎன்எஸ் சேவைகள் இலவசமாகவே இருக்கின்றன. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-இல் குடும்பங்களுக்கென்று ஒன்றைக் கொண்டுவந்தது, 1.1.1.3, 1.0.0.3 என்ற இரண்டு எண்களை ரவுட்டரின் டிஎன்எஸ் இடத்தில் எழுதினால் ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் நின்றுவிடும். கிளீன்பிரவுசிங் என்பது இன்னொன்று, 185.228.168.168, 185.228.169.168. இது கொஞ்சம் கண்டிப்பானது. கூகுள் தேடலையும் யூடியூபையும்கூடப் பாதுகாப்பு முறையிலேயே திறக்க வைக்கும். எங்கள் வீட்டில் இதுதான் ஓடுகிறது. சில இணைப்புகளில் ஐபிவி6 என்று இன்னொரு வரிசை எண்கள் இருக்கும். அதையும் மாற்றாவிட்டால் பாதிக் கேள்வி பழைய டீக்கடைக்கே போகும். ஃபைபர்காரர்கள் கொடுக்கும் சில ரவுட்டர்கள் இந்த எண்களை மாற்றவே விடுவதில்லை. அப்படியானால் கம்ப்யூட்டரிலேயே நிர்வாகி கணக்கிலிருந்து மாற்றிவிடலாம். ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடு.

வழியை வேறு யாரிடமாவது கேட்டுக்கொண்டு வருபவரை டீக்கடைக்காரர் தடுக்க முடியாது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளில் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் திறந்து வேறு சேவையைத் தேர்ந்தெடுத்தால் ரவுட்டரின் வடிகட்டி சும்மா நிற்கும். இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டாலும் அப்படியே. பென் டிரைவிலிருந்து வேறு இயங்குதளத்தைக் கிளப்பும் பிள்ளைகளும் உண்டு. இவை எல்லாவற்றையும் அடைக்கக் கிளம்பினால் நமக்கு வேறு பிழைப்பு இருக்காது. தவறி விழாமல் இருக்கத்தான் கைப்பிடிச் சுவர். ஏறிக் குதிக்க நினைப்பவனிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

அதுவும் ஓட்டை எப்போதும் கம்ப்யூட்டரில் இருப்பதில்லை. என் மாமியாரின் போன் பூஜை அறையில் சார்ஜில் கிடக்கும். ஹரி அதில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டு, கம்ப்யூட்டரை அதோடு இணைத்துக்கொண்டு, ரவுட்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டான். சீரியல் நடுவில் டேட்டா தீர்ந்துவிட்டது என்று மாமியார் கத்தியபோதுதான் விஷயம் வெளிவந்தது. போனுக்குப் பூட்டு எண் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே அந்த எண்ணைப் பேரனிடம் சொல்லிவிட்டார், மறந்துபோனால் ஞாபகப்படுத்துவதற்காம்! உன் மாமியாரிடமும் அண்ணாவிடமும் முதலில் பேசு. பிறகு நிதினிடம் வா.

யூடியூப்தான் பெரிய தலைவலி. முழுவதும் அடைத்தால் பாடமும் போய்விடும், திறந்தால் எல்லாமும் வந்துவிடும். அதன் கட்டுப்பாட்டு முறையைப் போட்டால் வயது வந்தவர்களுக்கான வீடியோக்கள் பெரும்பாலும் மறைந்துவிடும், கருத்துரைகளும் தெரியாது. ஆனால் தமிழில் வாய்க்கு வந்தபடி வசை பாடிக்கொண்டே விளையாடும் நேரலைகள் அந்த வடிகட்டியைத் தாண்டி வருவதை நான் என் காதால் கேட்டேன். அதற்கு ஒரே மருந்து, கம்ப்யூட்டர் கூடத்தில் இருப்பதும் காதில் ஹெட்போன் இல்லாமல் இருப்பதும்தான். பட்டறைக் கணக்கை நான் அங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேன். ஹரியின் திரையை நான் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவ்வளவாக வருவதில்லை.

பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைப் பற்றி அண்ணா பயப்படுகிறார் என்றாய். தமிழ்நாடு 2022-இல் சட்டம் கொண்டுவந்தது, 2025-இல் மத்திய அரசும் அவற்றைத் தடை செய்து சட்டம் போட்டுவிட்டது. ஆனால் சாதாரண விளையாட்டுக்குள் சட்டையும் துப்பாக்கியும் காசு கொடுத்து வாங்குவது வேறு கதை. அண்ணாவின் யுபிஐ ரகசிய எண் நிதினுக்குத் தெரியுமா என்று மட்டும் பார். தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இரவு பத்து மணிக்கு ரவுட்டர் தானாக அணைந்துவிடும்படி நேரம் வைத்திருக்கிறோம். இவருடைய அரசியல் விவாத வீடியோக்களும் அதோடு அணைந்துவிடும். முதல் வாரம் முணுமுணுத்தார். அப்பாவுக்கும் அணைகிறது என்று தெரிந்த பிறகு ஹரியின் வாதம் பாதியாகக் குறைந்துவிட்டது. உங்களுக்கு மழையில் சில்வர் ஓக் சாய்ந்து கேபிள் அறுந்தால் எந்தக் கடவுச்சொல்லும் தேவைப்படாது. அது தனி வசதி.

இனிமேல் சொல்வதை நீ அண்ணாவுக்கு வாசித்தே காட்டு. போன வருடம் அபிநயாவின் வகுப்புத் தோழி ஒருத்தியின் முகத்தை யாரோ வேறொரு படத்தில் ஒட்டி, அதைக் காட்டி மிரட்டியிருக்கிறான். அந்தப் பெண் வீட்டில் வாயே திறக்கவில்லை. ஏன் தெரியுமா? சொன்னால் முதலில் போனைப் பிடுங்குவார்கள், அப்புறம் படிப்பையே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள் என்ற பயம். அவள் வீட்டிலும் எல்லாவற்றையும் கண்காணித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் அபிநயாவிடம் சொன்னாள், அபிநயா என்னிடம் வந்து, “அம்மா, அவள் மேல் தப்பில்லை என்று முதலில் சொல், பிறகு சொல்கிறேன்” என்றாள். சொன்னேன். அந்தப் பெண்ணின் அம்மாவை நேரில் போய்ப் பார்த்துப் பேசி, படத்தையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிவு செய்தோம். குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. இணையத்தில் பணம் பறிபோனால் 1930. இந்த இரண்டு எண்களையும் எங்கள் கம்ப்யூட்டர் மேசைக்கு மேல் நாள்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அன்றே ஹரியிடமும் அபிநயாவிடமும் வாக்குக் கொடுத்தேன். எதைப் பார்த்திருந்தாலும், எதில் மாட்டியிருந்தாலும், என்னிடம் வந்து சொன்னதற்காகக் கம்ப்யூட்டரைப் பிடுங்கமாட்டேன் என்று. நேரம் மீறினால் மறுநாள் நேரம் குறையும், அது வேறு கணக்கு. இந்த இரண்டையும் அண்ணா குழப்பிக்கொள்ளக் கூடாது.

அதனால் கணக்குப் பிரிப்பது, ரவுட்டரை மாற்றுவது எல்லாவற்றையும் நிதினைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய். எண்களை அவனே தட்டட்டும். டிஎன்எஸ் என்றால் என்ன என்று உன்னைவிட அவன் நன்றாகச் சொல்வான். எத்தனை மணி நேரம் என்பதையும் அவனையே முதலில் கேள்; நீ நினைப்பதைவிடக் குறைவாகக்கூடச் சொல்வான், ஹரி சொன்னான்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு எல்லோரும் இறங்கி வாருங்கள். அத்தை வீட்டில் வைஃபை பத்து மணிக்கு அணைந்துவிடும் என்று நிதினிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. தட்டு வடை செட் வாங்கித் தருவேன் என்று தியாவிடம் சொல்.

ரவுட்டரின் மாடல் பெயரை எழுதி அனுப்பு, எங்கே போய் மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் படம் எடுத்து நம் கல்லூரித் தோழிகள் குழுவில் போட்டுவிடாதே. கடவுச்சொல் அதில்தான் அச்சிட்டிருக்கும்.

அன்புடன்,
கலைச்செல்வி