பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பரணில் கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயர், ஹோம் தியேட்டர் செட்டுகளைக் காயலான் கடையில் போடாமல் நாமே சரிசெய்து பார்க்கலாம் என்று போன ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான். எழுதியவர் சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகியவர் என்பது படிக்கும்போதே தெரிந்தது. ஆனால் கரண்ட் விஷயத்தில் மட்டும், "மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு மேல்மூடியைத் திறக்கவும்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். அந்த வரியை நம்பித் திறந்த ஒரு பையன் செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 1977-ல் பதினாறு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவன். சாத்தூரில் 41 வருஷம் ரேடியோ, டேப், ஆம்ப் என்று பார்த்துவிட்டு, கண் மங்கியதால் கடையை மூடினேன். இன்றும் தெருவில் எதாவது பாடாமல் போனால் என்னிடம்தான் வரும்.

பையன் பிளஸ் டூ. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். வலது கட்டைவிரல் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. செட் ஆன் ஆகவில்லை என்று பவர் போர்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் புரட்டியிருக்கிறான். ஒரே உதறல். போர்டு ஒரு மூலையில், இவன் ஒரு மூலையில். "தாத்தா, பிளக்கைப் பிடுங்கி இருபது நிமிஷம் ஆச்சு. டெஸ்டர் வச்சும் பார்த்தேன், எரியவே இல்ல. அப்புறம் எப்படி அடிச்சது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நாற்பது வருஷம் முன்னால் நானும் கேட்டிருக்கிறேன்.

போர்டைக் கொண்டுவரச் சொல்லி மீட்டரை வைத்தேன். கீழே விழுந்தபோது அடிப்பக்கம் எதிலும் படாமல் மல்லாந்து கிடந்திருக்கும் போல. தொட்ட விரல் வாங்கியது போக அப்போதும் 60 வோல்ட் மிச்சம் இருந்தது. பிறகு இரண்டு நிமிஷம் பிளக்கில் போட்டு, பிடுங்கி, வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் காத்திருந்து மறுபடி வைத்தேன். 300-க்குப் பக்கத்தில் நின்றது. அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது.

இப்போது வரும் செட்டுகளில் பழைய கனத்த டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் நேராக நாலு டயோடு வழியாகப் போய், கரண்டைத் தேக்கி வைக்கும் ஒரு கன்டென்சரில் நிரம்புகிறது. 230 என்பது ஒரு வகைச் சராசரிக் கணக்கு. அலையின் உச்சி 325. அந்த உச்சிதான் கன்டென்சரில் ஏறி உட்காரும். அதன் மேலேயே 400 வோல்ட், 450 வோல்ட் என்று அச்சடித்திருக்கும், கட்டைவிரல் தடிமனில் நிற்கும். நல்லபடியாக ஓடுகிற செட் என்றால், பிளக்கைப் பிடுங்கியதும் அந்தச் சரக்கைச் செட்டே குடித்துத் தீர்த்துவிடும். ஓடாத செட்டில் குடிக்க ஆளில்லை. ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் அறுந்துபோன போர்டு என்றால் கன்டென்சர் நிரம்பி அப்படியே கிடக்கும். சரிசெய்ய நாம் திறப்பது ஓடாத செட்டைத்தானே! நல்ல செட்டைவிடக் கெட்ட செட்டுதான் கடிக்கும் என்று நான் பையன்களிடம் சொல்வது இதனால்தான்.

டெஸ்டர் ஏன் எரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்டர் எரிய வேண்டுமானால் கரண்ட் அதன் வழியாக, நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு கன்டென்சருக்கும் தரைக்கும் சம்பந்தமே இல்லை. கன்டென்சருக்கு இரண்டு கம்பிக் கால். அதன் கரண்ட் ஒரு காலிலிருந்து கிளம்பினால் அதன் இன்னொரு காலுக்குத்தான் திரும்பிப் போகும். டெஸ்டரால் ஒரு காலைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. இரண்டு காலையும் சேர்த்து விரல் தொட்டால்தான் தெரியும். அப்போது ரொம்பத் தெரியும்.

கன்டென்சரில் நிற்கும் சரக்கைச் சிலர் ஸ்குரூ டிரைவரை இரண்டு காலுக்கும் குறுக்கே வைத்துப் பட்டென்று இறக்குவார்கள். பொறி பறக்கும், முனை உருகும், போர்டில் செம்புக் கோடு பிய்ந்து போகும். கண்ணில் தெறித்தால் கேட்கவே வேண்டாம். நான் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, இரண்டு வயர் இழுத்து, நுனியில் மீட்டர் ஊசிகளைக் கட்டி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அதைத்தான் வைத்துக் காட்டினேன். பல்பு மின்மினி போல ஒரு தடவை கண் சிமிட்டி அணைந்தது. பையன் "அட" என்றான். பல்பு கிடைக்காவிட்டால் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் உறை போட்ட வயர் வைத்துப் பிடித்தாலும் இரண்டு மூன்று நொடியில் இறங்கிவிடும். இறக்கியபின் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது. பார்த்த பிறகு டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும். கன்டென்சருக்குக் கொஞ்சம் மீண்டு வரும் குணம் உண்டு.

அடுத்து ஸ்விட்ச். "ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டேன்" என்பார்கள். இரண்டு பின் பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் சொருகும். ஒரு பக்கம் சொருகினால் ஆம்பின் ஸ்விட்ச் ஃபேஸை வெட்டும். இன்னொரு பக்கம் சொருகினால் நியூட்ரலை வெட்டும். செட் இரண்டு விதத்திலும் அணைந்துதான் இருக்கும். ஆனால் இரண்டாவது விதத்தில் ஃபேஸ் உள்ளே முழுசாக நின்றுகொண்டிருக்கும். (பிளக்கே இல்லாமல் வெறும் வயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகும் வீடுகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. தீப்பெட்டி ஊர் என்பதற்காக இப்படியா?)

ஷாக் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது 1979-ல். எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு வால்வு ரேடியோ வந்தது. இலங்கை வானொலியைத் தவிர வேறொன்றும் அறியாத ரேடியோ. ஸ்டேஷன் மாற்றும் குமிழ் தொலைந்துபோய், தண்டில் துணி சுற்றித் திருகிக்கொண்டிருந்தார்கள். நான் துணி அழுக்காக இருக்கிறதே என்று அவிழ்த்துவிட்டு, சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று, ஓடிக்கொண்டிருந்த செட்டின் தண்டைப் பிடித்தேன். கை திறக்கவில்லை. விட வேண்டும் என்று நினைக்கிறேன், விரல் இன்னும் இறுக்குகிறது. சத்தம் போட வாய் வரவில்லை. நான் வேலை பார்த்த கடை அண்ணாச்சி என்னைத் தொடவே இல்லை. எட்டிப் போய் வயரைப் பிடித்து இழுத்து பிளக்கைப் பிடுங்கினார். என்னைப் பிடித்து இழுத்திருந்தால் இருவரும் சேர்ந்து நின்றிருப்போம்.

அது ஏசி-டிசி செட். யுசிஎச், யுஎல் என்று பெயர் தொடங்கும் வால்வுகள் போட்டது. டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, வால்வு இழைகளை எல்லாம் வரிசையாகக் கோத்து நேரே மெயின்ஸில் கொடுத்திருப்பார்கள். சேஸிஸ் தகடே மெயின்ஸின் ஒரு வயர்தான். அன்று சாயங்காலம் அண்ணாச்சி வேறொரு செட்டின் குமிழைக் காட்டினார். குமிழைத் தண்டோடு இறுக்கும் குட்டித் திருகு ஆழமாக இறங்கியிருந்தது, அந்தக் குழியை மெழுகு ஊற்றி அடைத்திருந்தார்கள். "இது அழகுக்குன்னு நினைச்சியாடா?" என்றார். அவ்வளவுதான் பாடம். இப்போது பழைய ரேடியோ வாங்கி அலமாரியில் வைப்பது நாகரிகமாகிவிட்டது. வாங்குகிறவர்கள் குமிழ், பின் அட்டை, அடித்தகடு மூன்றும் இருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கில் சொருகாதீர்கள்.

சீரிஸ் போர்டு பற்றிக் கட்டுரையில் எழுதியிருந்தார், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுச் செட்டை ஓட்டினால் "பாதுகாப்பு" என்று. செட்டுக்குப் பாதுகாப்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிரான்சிஸ்டர் பிழைக்கும். ஆளுக்கு அதில் ஒரு பாதுகாப்பும் இல்லை. 100 வாட் பல்பு வழியாக 430 மில்லி ஆம்பியர் வரை போகும். வீட்டு டிரிப் ஸ்விட்சை 30 மில்லி ஆம்பியருக்கு வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்குமேல் உடம்பில் ஓடினால் நெஞ்சுத் துடிப்பே குலைந்துபோகலாம் என்பதால்தான். கணக்கைப் பாருங்கள், 14 மடங்கு. அந்த டிரிப் ஸ்விட்சும் கரண்ட் தரைக்குக் கசிந்தால்தான் விழும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் நம்மையும் ஒரு பல்பு என்றே நினைத்துக்கொள்ளும். கன்டென்சர் அடித்தால் அதற்குச் சேதியே போகாது. வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். அதன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுக் கை வைக்காதீர்கள் என்கிறேன்.

கரண்ட் ஓடும்போதே அளந்து பார்க்க வேண்டிய வேலையும் வரும். அப்போது நான் மீட்டரின் கருப்பு முனையைக் கிளிப்பால் கவ்வவிட்டு, சிவப்பை மட்டும் வலது கையில் பிடிப்பேன். இடது கை வேட்டி மடிப்புக்குள். இரண்டு கையும் உள்ளே போனால் ஒரு கை வழியாக ஏறி மறு கை வழியாக இறங்கும், நடுவில் இருப்பது நெஞ்சு. மோதிரம், காப்பு, தொங்கும் செயின் எல்லாம் கழற்றி வைத்த பிறகுதான் ஸ்டூலில் உட்காருவேன். மதுரையில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிய 230-க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, செட்டுக்கும் மெயின்ஸுக்கும் நேர்த் தொடர்பில்லாமல் பிரித்துவிடுவது, 1986-லிருந்து மேஜைக்கு அடியில் இருக்கிறது. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் அதுவும் காப்பாற்றாது. வீட்டில் வேறு ஆள் இல்லாத நேரம் மூடியைத் திறக்கவே மாட்டேன். யாருக்காவது அடித்து மூச்சுப் பேச்சில்லாமல் போனால், முதலில் கரண்டை நிறுத்திவிட்டு, 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று என் வீட்டம்மாவுக்கும் தெரியும்.

இதுவரை எழுதியது எல்லாம் ஒரு பொறுப்பான மெக்கானிக் எழுதியது போல இருக்கும். கட்டுரையில் இன்னொரு வரி இருந்தது: "இரைச்சல் வந்தால் எர்த் இணைப்பை நீக்கிப் பாருங்கள்." அதைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

1990-களில் எங்கள் பக்கம் 4440 ஐசி போட்ட ஆம்ப், 3055 டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப் என்று வீட்டுக்கு வீடு தகரப் பெட்டி. டிவியையும் டெக்கையும் அதில் இணைத்தால் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் வரும். ஆம்புக்கு ஒரு எர்த், கேபிள் டிவி வயர் வழியாக இன்னொரு எர்த், இரண்டும் சேர்ந்து ஒரு வளையம். அந்த வளையத்தில் சுற்றும் கரண்ட்தான் முனகும். முறையான வைத்தியம் என்றால் எல்லாவற்றையும் ஒரே பலகையில் சொருகிப் பார்க்க வேண்டும், சிக்னல் வரும் வழியில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது அதற்கெல்லாம் நேரம் ஏது? பிளக்கைத் திறந்து எர்த்துக்கான பச்சை வயரை நறுக்கி உள்ளேயே மடித்து மூடிவிடுவேன். ஒரு நிமிஷ வேலை. முனகல் போய்விடும். பத்து ரூபாய். கைராசிக்காரர் என்று பெயர் வேறு.

1998-ல் ஒரு வெள்ளிக்கிழமை. அப்படி நான் நறுக்கிய ஒரு வீட்டில், ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் வெந்து போய் ஃபேஸ் பெட்டித் தகட்டில் பட்டிருக்கிறது. அந்த வீட்டு அம்மா ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். தூக்கி எறிந்தது, அதனால் பிழைத்தார். ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. பச்சை வயர் மாட்டியிருந்தால் ஃபேஸ் தகட்டில் பட்ட கணமே ஃபியூஸ் போயிருக்கும். ஆம்ப் ஓடவில்லையே என்று திட்டிக்கொண்டு என்னிடம் வந்திருப்பார்கள். மூன்று பின்னில் எர்த்துக்கான அந்தப் பெரிய பின்னை மற்ற இரண்டையும்விட நீளமாகச் செய்திருப்பதே, அது முதலில் போய்ச் சேர்ந்து கடைசியில் வெளியே வர வேண்டும் என்றுதான். அவர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினேன், பச்சை வயரைத் திருகில் மாட்டினேன், "பழைய டிரான்ஸ்ஃபார்மர், வெந்துருச்சு" என்றேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். நறுக்கியது நான்தான் என்று சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு யாருக்கும் நறுக்கியதில்லை. அதற்கு முன் நறுக்கியது எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை.

ஆகவே, ஐயா, அந்த எர்த் வரியை மட்டுமாவது அடுத்த ஞாயிறு திருத்தி வெளியிட வேண்டுகிறேன். கூடவே இன்னொரு உதவி. 1998-க்கு முன் சாத்தூர், ஏழாயிரம்பண்ணை, இருக்கன்குடிப் பக்கம் ஆம்ப் வாங்கியவர்கள், என்னிடம் இரைச்சல் எடுக்கக் கொடுத்தவர்கள், அந்தப் பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டுத் திருகைக் கழற்றிப் பாருங்கள். வெளியே மூன்று பின்னும் சரியாகத்தான் தெரியும். உள்ளே பச்சை வயர் திருகில் மாட்டாமல் மடிந்து கிடந்தால் அது என் கைவேலை. கொண்டு வாருங்கள், மாட்டித் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்,
சாத்தூர்.