லயத்துச் சமையலின் உப்பும் வயதானோரின் இதயமும்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நுவரெலியா பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும் தோட்ட வைத்திய உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்து, லயம் எனும் வரிசை வீடுகளில் வாழும் நம் தாய்மார் பலருக்குக் கோயில் படியேறும்போதே மூச்சு வாங்குகிறது. மாலையில் கணுக்கால் வீங்குகிறது. இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது. கேட்டால், "வயசாகிப் போச்சு" என்கிறார்கள். பல ஆண்டுகள் கவனிக்கப்படாத பிரஷரால் இதயம் தளர்ந்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதே என் முறையீடு.

உப்பு எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. சிலரின் சிறுநீரகம் மிகுதி உப்பை வெளியேற்றிவிடும். வேறு சிலரின் உடலிலோ அது தங்கி, நீரையும் பிடித்து வைத்து, இரத்தத்தின் அளவையும் அழுத்தத்தையும் கூட்டும். வயது ஏறச் சிறுநீரகம் தளர்ந்து, நாடிகளும் விறைப்பதால் இந்தத் தன்மை கூடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் இன்னும் அதிகம். அந்த அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் உழைக்கும் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்து விறைத்துப்போகிறது. விறைத்த அறை தளர்ந்து விரிந்து இரத்தத்தை ஏற்க முடியாததால், சுருங்கும் வலிமை குறையாதிருக்கும்போதே நுரையீரலில் நீர் தேங்கத் தொடங்குகிறது.

இனி அடுப்படிக்கு வருகிறேன். காலை ரொட்டி மாவில் உப்பு, தொட்டுக்கொள்ளும் சம்பலில் உப்பு, மத்தியானச் சோற்றுக்குக் கருவாடு அல்லது நெத்தலி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் எல்லை 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டி கூட இல்லை. மலிவான கறி கருவாடுதான் என்னும் வீட்டில் "உப்பைக் குறையுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமல்ல. கருவாட்டைச் சுடுநீரில் ஊறவைத்துக் கழுவவும், மாவில் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைக்கவும், சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டவும் லயத்துக்கே வந்து தமிழில் செய்து காட்ட வேண்டும். பொட்டாசியம் கலந்த உப்பைப் பரிந்துரைப்பதாயின், முதலில் சிறுநீரகத்தைப் பரிசோதியுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கும் லொசார்டான் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்போருக்கும் அது ஆபத்தாகலாம்.

கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்பதால் வேலையிலிருப்போர் வருவதில்லை. தலைவலி நின்றதும் மாத்திரையையும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே பிரஷர் பார்க்கும் கருவி கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே வரட்டும். 40 வயதைத் தாண்டிய எவரும் கூடையை இறக்கிவைத்து, சற்று உட்கார்ந்து ஆறியபின் கையை நீட்டினால் போதும் என்றாக வேண்டும். பென்சன் எடுத்து லயத்தில் இருப்பவர்கள் மடுவத்துக்கு வருவதில்லை. அவர்களுக்காக மருத்துவமாது மாதம் ஒருமுறை வீடு வீடாகச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். மூச்சு வாங்குவதாகச் சொல்வோரை மாத்திரையோடு திருப்பி அனுப்பாமல், ஈ.சி.ஜி.யும் இதய ஸ்கேனும் எடுக்கக்கூடிய ஆதார வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுக்கும்படி தோட்ட டிஸ்பென்சரிகளுக்கு அறிவுறுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்