கையை அளக்காதீர்கள், வேலையைப் பாருங்கள்: தேசிய மருத்துவ ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மாற்றுத்திறனாளி மாணவர்களின் எம்.பி.பி.எஸ். சேர்க்கை பற்றி உங்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. இரண்டு கைகளும் குறையில்லாமல், உணர்ச்சியோடும் போதிய வலுவோடும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் வழிகாட்டுதலில் இருந்ததுதான். அது ஒரு பிள்ளையை என்ன பாடுபடுத்தியது என்பதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். என் மாணவி ஒருத்திக்குப் பிறக்கும்போதே இடக்கை நரம்பில் அடி. மோதிர விரலும் சுண்டுவிரலும் முழுசாக நிமிராது. ஆனால் ஆய்வகத்தில் தண்டின் குறுக்குவெட்டு எடுக்கச் சொன்னால், அந்தக் கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, பிளேடை ஒரே இழுப்பாக இழுப்பாள். சாஃப்ரனின் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் சைலக் குழாய்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். வகுப்பில் வேறு யாருக்கும் அவ்வளவு மெல்லிசாக வராது.

நீட் தேறிய அவளோடு மதிப்பீட்டு மையத்துக்கு நானும் போனேன். மூட்டு எவ்வளவு மடங்கும், நிமிரும் என்று அளக்கும் கோணமானியை வைத்து விரல் விரலாக அளந்தார்கள். விரலிடுக்கில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்த்தார்கள். அவள் பையில் ஒரு நூல்கண்டு வைத்திருந்தாள். "தையல் முடிச்சு போட்டுக் காட்டட்டுமா, சார்?" என்று கேட்டாள். படிவத்தில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. சொன்னவர் கடிந்துகூடப் பேசவில்லை. படிவத்தைத் தாண்டி எதையும் பார்க்க அவருக்கு அதிகாரம் இல்லை, அவ்வளவுதான். தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஐயா, அம்மா, உங்களுக்கு டாக்டர் மேரி வர்கீஸைத் தெரிந்திருக்கும். கொச்சியில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) படித்தவர். 1954 ஜனவரியில் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. அப்போது அவருக்கு 28 வயது. இனி எந்த விதத்தில் மருத்துவராக இருப்பது என்று அவர் தவித்த காலத்தில், தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்துக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாமே என்று வழிகாட்டினார். மேரி சக்கர நாற்காலியிலேயே அறுவை அரங்குக்குள் போனார். நரம்பு செத்து, பறவையின் கால்நகம்போல் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார்.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மறுவாழ்வு சிகிச்சை பெற்று, நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கிடம், உடல் இயக்கம் இழந்தவர்களை மீண்டும் இயங்கப் பழக்கும் மறுவாழ்வு மருத்துவம் கற்று, வேலூருக்கே திரும்பி வந்தார். அந்தத் துறைக்குத் தலைமையேற்றார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தண்டுவடம் அடிபட்டு வந்தவர்களுக்கு நாற்காலியில் ஏறி இறங்குவதையும், பிழைப்புக்கு ஒரு தொழிலையும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். சக்கர நாற்காலியில் வார்டுக்கு வரும் ஆசிரியரிடம் மருத்துவர்கள் பாடம் கேட்டார்கள். 1972-ல் அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 1986-ல் காலமானார்.

இந்த நாட்டில் இது நடந்து அறுபது ஆண்டுக்கு மேலாகிறது. இன்னும் ஏன் கோணமானி? கண்ணாடி போட்டிருப்பவரிடம் அதைக் கழற்றச் சொல்லிவிட்டு, பார்வை போதாது என்று எழுதுவீர்களா? ஊனத்தின் சதவீதம் மட்டுமே ஒருவரைத் தள்ளிவிடக் காரணமாகாது, படிப்பை முடிக்கும் திறன் இருக்கிறதா என்று பாருங்கள் என உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொன்னது. இரண்டு கைகள் என்ற நிபந்தனையே சட்டத்துக்கு ஒவ்வாதது என்று 2025 பிப்ரவரியில் சொன்னது. ஒரு பிள்ளை தன் கையால் வேலை செய்ய முடியும் என்று நிரூபிக்க டெல்லி வரை வக்கீல் வைத்துப் போக வேண்டுமா? போக முடியாதவர்களின் கதி என்ன?

2023-ல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டாயமாக இருக்க வேண்டிய துறைகளின் பட்டியலிலிருந்து மறுவாழ்வு மருத்துவத்தையே எடுத்தீர்கள். மேரி வர்கீஸ் வாழ்நாளெல்லாம் கட்டியெழுப்பிய துறை அது. கை என்ன செய்யும் என்று பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் அந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். அது இல்லாத கல்லூரியில், நடக்க முடியாதவருக்கு மாடி ஏற வழியில்லையே, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லையே என்று யார் கேட்பார்கள்? நெஞ்சு கொதிக்கிறது. மன்னியுங்கள், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

கையை அளக்காதீர்கள், அந்தக் கை செய்யும் வேலையைப் பாருங்கள். மதிப்பீட்டுப் படிவத்தில் செய்முறைக்கென ஒரு பக்கம் சேருங்கள்: ஊசி ஏற்றுவது, முடிச்சுப் போடுவது, நாடி பார்ப்பது. தேவையான துணைக்கருவியோடு செய்துகாட்ட அனுமதியுங்கள். மதிப்பிடும் குழுவில் மறுவாழ்வு மருத்துவர் ஒருவரும், மாற்றுத்திறனாளியான மருத்துவர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். தகுதியில்லை என்றால் எந்த வேலை முடியவில்லை என்பதை எழுத்தில் கொடுங்கள்.

என் மாணவி மறுபடியும் நீட் எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த கலந்தாய்வுக்கு முன் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியை ஒருவர்,
வேலூர் மாவட்டம்